அண்டை நாட்டின் இறந்தோரை யார் எண்ணுவது?

1

தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தை ஒட்டி ஒரு போர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் முன்கூடத்தில் பளபளப்பாகத் துடைத்து நிறுத்தப்பட்டிருக்கிறது ஒரு கறுப்பு நீராவி எஞ்சின். எண்: சி 56 31. சயாம்–பர்மா ரயில்பாதையின் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின் அது. போருக்குப் பிறகு தாய்லாந்தில் உழைத்து ஓய்ந்ததை 1979இல் ஜப்பானுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்ட 14 பேரையும் அதே ஆலயத்தில் வணங்கத்தக்க ஆவிகளின் வரிசையில் சேர்த்திருந்தார்கள்.

அந்த எஞ்சின் ஓடிய பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போகிறவர்கள் அங்கே வேறொரு நினைவைக் காணலாம். காமன்வெல்த் போர்க்கல்லறை. கிட்டத்தட்ட ஏழாயிரம் நேச நாட்டுப் போர்க்கைதிகள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வெட்டிய புல், வரிசை குலையாத கற்கள், பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும் படைப்பிரிவும். பாதை போட்ட போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் மாண்டவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, 1957இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படமும் உண்டு.

அதே பாதையில் வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். ஆள் போதாதபோது இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டும் போனார்கள். 1943இன் மழைக்காலத்தில் காலரா புகுந்தபோது போர்க்கைதிகளின் முகாம்களில் மருத்துவ அதிகாரிகளாவது இருந்தார்கள். கூலி முகாம்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை. மாண்ட ஆசியர்களின் எண்ணிக்கை குறித்த மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. தொண்ணூறாயிரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். பெயர்ப்பட்டியல் வைக்கப்படவில்லை. பெயர் பொறித்த கல்லறையும் இல்லை.

இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அக்டோபர் 25 அன்று சயாம்–பர்மா ரயில்பாதையின் திறப்பு விழா நடந்தது. முதல் தேதி நமக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது மயிர்க்கூச்செறியும். இரண்டாவது தேதி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தாலியைக் கழற்றிக் கொடுத்த தோட்டப்புறத் தாயும், பாதை போடப் போய்த் திரும்பாத அவளுடைய அண்டை வீட்டுக்காரனும் ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள். வரலாறு அவளை ஏற்றுக்கொண்டது, அவனை விட்டுவிட்டது. ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது.

2

எங்கள் வாசகர் கூடுகையொன்றில் கிழக்காசியப் பாடநூல் சர்ச்சை பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு நண்பர் இடைமறித்தார். "ஜப்பானும் கொரியாவும் சீனாவும் தங்கள் பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ளட்டும். நமக்கென்ன அதில்?" இன்னொரு நண்பர் மேலும் ஒரு படி போனார். "எந்த நாடும் தன் குழந்தைக்கு முதலில் பெருமிதத்தைத்தான் ஊட்டும். உண்மை பிறகு வரட்டும்." இருவரும் நல்ல வாசகர்கள். அதனால்தான் இந்தப் பதிலை எழுதியாக வேண்டியிருக்கிறது.

தேசிய வரலாறு என்பது ஒருவகைக் கணக்குப் புத்தகம். அதில் வரவு முழுவதும் நம் தியாகம். செலவு முழுவதும் பிறர் செய்த கொடுமை. நம்மவர் இறந்தால் அது எண்ணப்படும், பெயர் பொறிக்கப்படும், ஆண்டுதோறும் மலர் வைக்கப்படும். நம்மால் இறந்தவர்கள் எண்ணப்படுவதில்லை. நம்மவராகவும் முழுதாக ஆகாமல், பிறராகவும் ஆகாமல் நடுவில் நின்று இறந்தவர்கள் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. தோட்டத்துத் தமிழன் அப்படிப்பட்டவன். இந்தியாவின் கணக்கில் அவன் கடல் கடந்து போனவன். மலாயாவின் கணக்கில் வந்தேறி. ஜப்பானின் கணக்கில் கூலி. பிரிட்டனின் கணக்கில், போர் முடிந்தபின் ரப்பர் பால் வெட்ட மீண்டும் தேவைப்பட்ட ஆள்.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ணவேண்டாம். ஹிரோஷிமாவை நினைத்துக்கொள்ளுங்கள். அணுகுண்டுக்கு இரையானவர்களில் பல்லாயிரம் கொரியர்களும் இருந்தார்கள். குடியேற்ற ஆட்சிக்காலத்தில் பிழைப்புக்காகவும் கட்டாய வேலைக்காகவும் அந்நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். 1970இல் அவர்களுக்கென ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டபோது அது நின்ற இடம் அமைதிப் பூங்காவுக்கு வெளியே. பூங்காவுக்குள் இடம்பெயர்க்கப்பட்டது 1999இல். ஆற்றின் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வர அந்தக் கல்லுக்கு 29 ஆண்டுகள் ஆயின. உலக அமைதிக்கே தலைநகரமாகத் தன்னை நிறுத்திக்கொண்ட ஊரிலேயே இறந்தவர்களிடம் தேசியச் சான்றிதழ் கேட்கப்பட்டது என்றால், மற்ற ஊர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

ஆகவே 'நமக்கென்ன அதில்' என்று கேட்ட நண்பருக்கு எங்கள் பதில் இதுதான்: அந்த எஞ்சின் எந்த எலும்புகளின்மேல் ஓடியது என்று போய்ப் பாருங்கள், பிறகு கேளுங்கள்.

3

பெருமிதம் முதலில், உண்மை பிறகு என்ற வாதத்துக்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர் ஜப்பானிலேயே வாழ்ந்தார். ஈயேனகா சபுரோ என்ற வரலாற்றாசிரியர். போர்க்காலத்தில் அவர் பள்ளி ஆசிரியர். அரசு தந்த புராணத்தை வரலாறு என்று கற்றுக்கொடுத்து, மாணவர்கள் போர்முனைக்குப் போனதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த மௌனத்தின் குற்றவுணர்வு அவரைக் கடைசிவரை விடவில்லை. போருக்குப் பின் அவர் எழுதிய பள்ளிப் பாடநூலைக் கல்வி அமைச்சு திருத்தச் சொன்னபோது, 1965இல் தன் அரசின்மேலேயே வழக்குத் தொடுத்தார். 1970இல் ஒரு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: கல்வி கற்பிக்கும் உரிமை மக்களுடையது, பாடநூலின் கருத்துக்குள் அரசு கைவைக்கலாகாது. மேல் நீதிமன்றங்களில் அந்த வெற்றி நிலைக்கவில்லை. மூன்று வழக்குகள், 32 ஆண்டுகள். 1997இல் உச்ச நீதிமன்றம் பாடநூல் தணிக்கை முறை செல்லும் என்றது. ஆனால் சீனாவில் மனிதர்களை உயிரோடு சோதனைக்கு உட்படுத்திய 731ஆம் படைப்பிரிவைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்றும் தீர்ப்பளித்தது. தொடங்கும்போது ஈயேனகாவின் வயது 51. முடியும்போது 83.

பெருமிதத்தை மட்டும் ஊட்டி வளர்த்தால் அந்தக் குழந்தை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு அவரைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

அவர் விதைத்தது வீண்போகவில்லை. தன் நாட்டின் குற்றங்களைப் பேசுவதைத் 'தன்வதை வரலாறு' என்று இகழ்ந்த ஒரு கூட்டம் 1990களின் பிற்பகுதியில் அங்கே அமைப்பாகத் திரண்டது. அவர்கள் எழுதிய நடுநிலைப்பள்ளிப் பாடநூலுக்கு 2001இல் அரசு ஒப்புதலும் கிடைத்தது. கொரியாவும் சீனாவும் அரசுமட்டத்தில் கண்டனம் தெரிவித்தன. அந்தக் கண்டனங்களால் நூல் நின்றுவிடவில்லை. அதைத் தடுத்தவர்கள் வேறு ஆட்கள். ஜப்பானியப் பெற்றோர், ஆசிரியர், உள்ளூர்க் குடிமக்கள் குழுக்கள்; அவர்களோடு, தங்கள் ஊருடன் நட்புறவு பூண்ட ஜப்பானிய ஊர்களுக்குக் கடிதம் எழுதிய, நேரில் சென்று பேசிய கொரியக் குடிமக்கள். டோச்சிகி மாகாணத்தின் ஷிமோட்சுகா பகுதியில் முதலில் அந்நூலைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிறகு கைவிட்டார்கள். இறுதியில் நாடு முழுவதிலும் அந்நூலைப் பெற்ற மாணவர்களின் விகிதம் 0.039 விழுக்காடு.

எல்லை கடந்த குடிமக்கள் ஒத்துழைப்பு என்பது கருத்தரங்கத் தீர்மானங்களில் வரும் வெற்றுச் சொல் என்று நக்கலடிப்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் அந்தத் தசமப் புள்ளியின் இடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கட்டும்.

4

மறுப்பதோடு நிறுத்திவிட்டால் அது பாதி வேலை. அந்தக் கூட்டாளிகள் மறுபாதியையும் செய்யத் துணிந்தார்கள். 2002இல் நான்ஜிங்கில் கூடிய மூன்று நாட்டு ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் குடிமக்கள் அமைப்பினரும் மூன்று நாட்டு மாணவர்களும் படிக்கத்தக்க ஒரே நூலை எழுதுவது என்று முடிவெடுத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உழைப்பில் 'எதிர்காலத்தைத் திறக்கும் வரலாறு' 2005 மே மாதம் ஜப்பானிய, கொரிய, சீன மொழிகளில் வெளிவந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் சீன நகரங்களில் ஜப்பான் எதிர்ப்பு ஆர்ப்பாட்டங்கள் கொழுந்துவிட்டு எரிந்திருந்தன. அந்தப் புகை அடங்குமுன் வந்த நூல் இது.

இதே காலத்தில் அரசுகளும் சும்மா இருக்கவில்லை. ஜப்பானும் தென்கொரியாவும் 2002இல் கூட்டு வரலாற்று ஆய்வுக் குழுவை அமைத்தன. புகழ்பெற்ற பேராசிரியர்கள், அரசுப் பணம், அதிகார முத்திரை. 2005இல் வெளிவந்த அறிக்கையில் ஒவ்வொரு தலைப்பின்கீழும் ஜப்பானியர் ஒரு கட்டுரை, கொரியர் ஒரு கட்டுரை என்று தனித்தனியே எழுதியிருந்தார்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்து அவரவர் கட்டுச்சோற்றை அவரவர் பிரித்து உண்டதைப்போல. ஜப்பானும் சீனாவும் 2006இல் தொடங்கிய கூட்டாய்வின் அறிக்கை 2010 சனவரியில் வந்தது. அதிலும் இணைகோடுகளாக இரு கட்டுரைகள். போருக்குப் பிந்தைய காலத்தைப் பற்றிய பகுதியோ சீனத் தரப்பின் வேண்டுகோளின்படி வெளியிடப்படவே இல்லை.

ஆக, படையும் பணமும் தூதரகமும் உள்ள அரசுகளால் ஒரு பத்தியைக்கூடச் சேர்ந்து எழுத முடியவில்லை. மொழிபெயர்ப்புக்கே அல்லாடிய குடிமக்கள் ஒரு புத்தகத்தைச் சேர்ந்து எழுதினார்கள். இதன் காரணம் எளியது. அரசின் மேசைக்கு வருகிறவர் தன் நாட்டின் வழக்கறிஞராக வருகிறார். அவர் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு சொல்லும் நாளை ஓர் இழப்பீட்டு வழக்காகவோ தேர்தல் தோல்வியாகவோ திரும்பி வரக்கூடும். ஆசிரியரின் மேசைக்கு வருகிறவருக்கோ வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம்தான் முன்னால் நிற்கிறது. அவர் விட்டுக்கொடுக்கும் சொல் யாருக்கும் இழப்பாவதில்லை.

ஐரோப்பாவைக் காட்டி 'அங்கே அரசுகள் செய்யவில்லையா' என்பார்கள். செய்தன. மேற்கு ஜெர்மனியும் போலந்தும் 1972இல் பாடநூல் ஆணையம் அமைத்து 1976இல் பரிந்துரைகளை வெளியிட்டன. வில்லி பிராண்ட் 1970இல் வார்சாவில் மண்டியிட்டதை நாம் அனைவரும் படத்தில் பார்த்திருக்கிறோம். அது பெருஞ்செயல், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பரிந்துரைகளில் போலந்தைப் பங்குபோட்ட ஹிட்லர்–ஸ்டாலின் ரகசிய உடன்பாடு இல்லை. சோவியத் படையினர் போலந்து அதிகாரிகளைக் கொன்று புதைத்த காட்டின் காடுகள் இல்லை. மாஸ்கோவின் மனம் கோணக்கூடாது என்பதற்காகப் போலந்து தன் சொந்த இறந்தவர்களையே மேசைக்கடியில் தள்ளியது. இரு நாடுகளும் சேர்ந்து உருவாக்கிய முழுப் பாடநூல் வரிசையின் முதல் தொகுதி வெளிவர 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசு தொடங்கியதைக்கூட நாற்பதாண்டுக் காலம் தூக்கிச் சுமந்தவர்கள் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும்தான்.

5

இனி வேறு திசையிலிருந்து வரும் கேள்வி. இது கொஞ்சம் நாகரிகமான உடை அணிந்து வரும். "ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் உண்மை. கூட்டு வரலாறு என்பது இரண்டு பொய்களின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பதுதானே?"

பின்நவீனத்துவம் படித்த நம் நண்பர்களுக்கு இக்கேள்வி மிகவும் பிடிக்கும். பெருங்கதையாடல்களைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாமும்தான். ஆனால் கதையாடலைச் சந்தேகிப்பது வேறு, பிணத்தைச் சந்தேகிப்பது வேறு. நான்ஜிங்கில் கொல்லப்பட்டவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல் என்றது நான்ஜிங் தீர்ப்பாயம். இரண்டு லட்சத்துக்கு மேல் என்றது தோக்கியோ தீர்ப்பாயம். எண்ணை ஆராயலாம், ஆராயவும் வேண்டும். எண் மாறுபடுகிறது என்பதனால் கொலையே நடக்கவில்லை என்பவனையும், கொல்லப்பட்டவளின் மகளையும் எதிரெதிரே உட்காரவைத்து நடுப்புள்ளி தேடுவது நடுநிலைமை ஆகாது. அது கொலையின் இரண்டாம் தவணை.

இங்கேதான் மனித உரிமைக் கல்வி என்பதன் பொருள் துலங்குகிறது. நம் பள்ளிகளில் பல நேரம் அது டிசம்பர் 10 அன்று 30 பிரிவுகளை ஒப்பிக்கும் சடங்காகச் சுருங்கிவிடுகிறது. உண்மையில் அது வரலாற்றைப் பார்க்க நிற்கும் இடத்தை மாற்றச் சொல்லும் கல்வி. பாதிக்கப்பட்டவரை முதலில் மனிதராகப் பார், பிறகு அவர் எந்த நாட்டவர் என்று கேள் என்பதுதான் அதன் முதற்பாடம்.

1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹக்-சுன் என்ற கொரிய மூதாட்டி ஜப்பானிய ராணுவம் தன்னைப் பாலியல் அடிமையாக வைத்திருந்ததை வெளிப்படையாகச் சொன்னார். கொரிய அரசு அவரைத் தேடி வந்து கேட்கவில்லை. கேட்கும் காதை உருவாக்கியவர்கள் பெண்கள் அமைப்பினர். அடுத்த சனவரியில், ராணுவத்தின் பங்கை நிறுவும் ஆவணங்களை ஜப்பானியப் பாதுகாப்பு ஆவணக்காப்பகத்திலிருந்தே எடுத்து வெளியிட்டவர் யோஷிமி யோஷியாகி என்ற ஜப்பானிய வரலாற்றாசிரியர். 2000 டிசம்பரில் தோக்கியோவில் பெண்களின் பன்னாட்டுப் போர்க்குற்றத் தீர்ப்பாயம் கூடியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஜப்பானியப் பத்திரிகையாளர் மட்சுயி யாயோரி. பேசிக்கொள்ளவே முடியாத வட, தென் கொரியாக்கள் அங்கே ஒரே குற்றப்பத்திரிகையை முன்வைத்தன. பிளவுண்ட தேசம் ஒன்றுசேர்ந்த அபூர்வமான இடங்களில் ஒன்று, பகைநாட்டின் தலைநகரில் பெண்கள் கூட்டிய, சட்ட அதிகாரம் ஏதுமற்ற ஒரு மன்றம்.

இதைவிட எங்களை உலுக்கியது இன்னொன்று. வியட்நாம் போரில் அமெரிக்காவுக்குத் துணையாகப் போன தென்கொரியப் படையினர் அங்கே கிராமத்தவரைக் கொன்றார்கள் என்ற செய்தியை 1999இல் வெளிக்கொணர்ந்தது ஒரு கொரிய வார இதழ். முன்னாள் படைவீரர்கள் கொதித்தெழுந்தார்கள். பாதிக்கப்பட்ட தேசம் என்ற பட்டத்தை அணிந்தவர்களுக்குத் தாமும் பாதித்தவர்கள் என்ற செய்தி கசக்கத்தான் செய்யும். ஆனால் 2012இல் கிம் பொக்-தொங், கில் வொன்-ஒக் என்ற இரு மூதாட்டிகள் முன்வந்தார்கள். ஜப்பானிய ராணுவத்தால் சிதைக்கப்பட்டவர்கள் அவர்கள். ஜப்பானிடமிருந்து இழப்பீடு வந்தால் அதைப் போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் தந்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். அதையொட்டிப் பிறந்த வண்ணத்துப்பூச்சி நிதி, கொரியப் படையினரால் பாதிக்கப்பட்ட வியட்நாமியப் பெண்களுக்கும் உதவியது. 2023இல் சியோல் நீதிமன்றம் ஒன்று, 1968இல் தன் குடும்பத்தாரை இழந்த வியட்நாமியப் பெண்ணுக்குத் தென்கொரிய அரசு இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அந்த மூதாட்டிகள் நடுப்புள்ளியைத் தேடவில்லை. தமக்கு இழைக்கப்பட்டது குற்றம் என்றால், தம் நாட்டவர் பிறருக்கு இழைத்ததும் குற்றமே என்றார்கள். அவ்வளவுதான். எந்தக் கல்வித்துறை வகுத்த பாடத்திட்டத்திலும் இதைவிடப் பெரிய பாடம் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

6

குறைகளை மறைத்துவிட்டுப் புகழ்பாடுவது எங்கள் நோக்கமில்லை. மூன்று நாட்டு நூலின் சீனத் தரப்பில் உட்கார்ந்தவர்கள் அரசு சார்ந்த ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். ஜப்பானிய ஆசிரியருக்குத் தன் அரசைத் திட்டி எழுதும் உரிமை இருந்தது. சீன ஆய்வாளருக்கு அது இல்லை. நூல் 1945க்கு முந்தைய காலத்தை விரிவாகவும் பிந்தைய காலத்தைச் சிக்கனமாகவும் பேசுவதன் பின்னணி அதுதான் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. நூல் வெளிவந்த எட்டாவது மாதத்தில், 2006 சனவரியில், சீனப் பள்ளிப் பாடநூல்கள் தேசியக் காய்ச்சலை ஊட்டுகின்றன என்று யுவான் வெய்ஷி என்ற பேராசிரியர் எழுதிய கட்டுரையை வெளியிட்டதற்காக ஒரு நாளிதழின் இணைப்பிதழே நிறுத்தப்பட்டது. 1959–61 பஞ்சத்தில் மாண்ட கோடிக்கணக்கான சீன உழவர்களை எண்ணுவதற்கு அங்கே இன்னமும் அனுமதியில்லை. அண்டை நாட்டிடம் உண்மை கேட்கும் அரசு தன் மக்களிடம் பொய் சொல்கிறது.

மக்களாட்சி நாடுகளும் இந்நோய்க்கு விலக்கல்ல. தென்கொரியாவில் பார்க் கியூன்-ஹே அரசு 2015இல் பள்ளி வரலாற்று நூல்களை அரசே எழுதும் என்று ஆணையிட்டது. ஆசிரியரும் மாணவரும் தெருவில் இறங்கினார்கள். 2017இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஜப்பானிலோ, 1997இல் வகுப்பறைக்கு வந்த ஏழு நடுநிலைப்பள்ளி வரலாற்று நூல்களிலும் இடம்பெற்றிருந்த ராணுவப் பாலியல் அடிமைமுறை அடுத்தடுத்த பதிப்புகளில் ஒவ்வொன்றாகக் காணாமற்போனது. 0.039 என்ற எண்ணில் வென்றவர்கள் வேறு நூல்களின் மௌனத்தில் தோற்றார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இவற்றிலிருந்து நாம் பெறவேண்டிய முடிவு அவநம்பிக்கையல்ல. கூட்டு வரலாற்று முயற்சிக்குத் தன் அரசை எதிர்த்துப் பேசும் உரிமை முன்நிபந்தனை என்பதே முடிவு. மனித உரிமை இல்லாத இடத்தில் வரலாற்று நல்லிணக்கம் என்பது இரு அரசுகள் கைகுலுக்கும் புகைப்படம் மட்டுமே.

7

மீண்டும் ரயில்பாதைக்கு வருவோம்.

நாகசே தகாஷி என்ற ஜப்பானியர் காஞ்சனபுரியில் ராணுவ மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். எரிக் லோமக்ஸ் என்ற பிரிட்டிஷ் கைதி சித்திரவதை செய்யப்பட்டபோது உடனிருந்து கேள்விகளை மொழிபெயர்த்தவர். போர் முடிந்ததும் பாதை நெடுகக் கல்லறைகளைத் தேடிச் சென்ற குழுவோடு அனுப்பப்பட்டார். அங்கே பார்த்தது அவரை மாற்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட முறை தாய்லாந்துக்குத் திரும்பிச் சென்றார், அங்கே அமைதி ஆலயம் எழுப்பினார், 1993இல் லோமக்ஸைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார், 2011இல் காலமானார். எந்த அரசும் அவரை அனுப்பவில்லை.

நம் தரப்பில் யார் இருக்கிறார்கள்? எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். மலேசியாவின் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' ஜப்பானியர் காலத்துத் தென்கிழக்காசியாவைத் தமிழுக்குள் கொண்டுவந்தது. மலேசியாவில் அத்தொழிலாளர்களின் வழிவந்தோரும் ஆர்வலர்களும் குழுவாகக் கூடி, எஞ்சியிருந்த முதியோரின் வாய்மொழிகளைத் திரட்டினார்கள். வரலாற்றாசிரியர்கள் எண்ணத் தவறியதை நாவலாசிரியர்களும் பேரப்பிள்ளைகளும் எண்ணத் தொடங்கினார்கள். தமிழ் இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இது பெருமையும்கூட, வெட்கமும்கூட. நாவலைப் படித்து உச்சுக்கொட்டிவிட்டு அதை வகுப்பறைக்குக் கொண்டுபோகாதவர்கள் நாம்.

இதைச் சொன்னால் நேதாஜியின் பெருமைக்கு இழுக்கு என்று ஒரு குரல் எழும். எழட்டும். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தோட்டத்து இளைஞனின் வீரத்தில் ஒரு அணுவையும் நாங்கள் குறைக்கவில்லை. அவனுக்குத் துப்பாக்கி தந்த கையே அவன் அண்ணனைக் காலரா முகாமில் தள்ளியது என்ற உண்மையைத் தாங்கும் வலு அந்த வீரத்துக்கு உண்டு என்று நம்புகிறோம். தாங்காது என்று அஞ்சுகிறவர்கள்தான் அவனுடைய வீரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

எங்கள் வேண்டுகோள் சிறியது. ஒரே ஒரு பாடம். தமிழகம், மலேசியா, தாய்லாந்து, ஜப்பான் ஆகிய நான்கு இடங்களின் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதும் ஒரு பாடம். அதில் தோக்கியோவில் நிற்கும் எஞ்சினின் படம் இருக்கட்டும். காஞ்சனபுரிக் கல்லறையின் படமும், தமிழ் நாவலின் ஓர் அத்தியாயமும், நாகசேயின் வாக்குமூலமும், தப்பி வந்த தோட்டத் தொழிலாளி ஒருவரின் வாய்மொழியும் இருக்கட்டும். கடைசியில் ஒரே கேள்வி: இந்தப் படங்களில் யார் இல்லை? நான்கு நாட்டுப் பிள்ளைகளும் தத்தம் மொழியில் விடை எழுதி, ஒருவர் விடையை மற்றவர் படிக்கட்டும்.

இதற்கு அரசாணை தேவையில்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட மக்கள் கண்காணிப்பகம் 1997இல் மனித உரிமைக் கல்வியைத் தமிழகப் பள்ளிகளுக்குள் கொண்டுசென்ற முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. மொழிபெயர்க்க ஆட்கள் இருக்கிறார்கள். படிக்க நூல்கள் இருக்கின்றன. இல்லாதது, அண்டை நாட்டானின் பிணத்தையும் நம் பிணத்தையும் ஒரே ஏட்டில் எழுதும் மனம் மட்டுமே. அந்த மனம் வந்துவிட்டால், பெயரில்லாமல் புதைந்த தொண்ணூறாயிரம் பேரில் ஒருவரையாவது நாம் பெயர் சொல்லி அழைக்க முடியும். அதுவரை தோக்கியோவில் அந்த எஞ்சின் பளபளத்துக்கொண்டுதான் இருக்கும். அதைத் துடைப்பவர்களின் கையில் நம் மௌனமும் ஒரு துணிதான்.